கீரிச் சேவலின் கழுத்து இறகு

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று நீங்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசுங்கள், யார் வேண்டாமென்றது? கோயிலானாலும் கல்யாண வீடானாலும் நான் வாயைத் திறந்ததும், "இவ ஆரம்பிச்சுட்டா" என்று ஒருத்தி இன்னொருத்தியின் தொடையைக் கிள்ளுவதை நான் பார்க்காமல் இல்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறதே தவிர கண் போய்விடவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நான் பெருமைப்படுவது என் கழுத்துச் சங்கிலிக்காகவோ, பிள்ளைகள் கட்டியிருக்கும் மாடி வீட்டுக்காகவோ அல்ல. அதெல்லாம் உங்களிடமும் இருக்கிறது. என் ஒன்பதாவது வயதில், ஒரு மார்கழி மாதத்தில், நான் செய்த ஒரு காரியத்துக்காக. உங்களில் ஒருத்தியும் அதைச் செய்ததில்லை. உங்கள் வீட்டு ஆண்களும் செய்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலைப்பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் தோட்டம். சோளமும் ராகியும் விளையும் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு, பதினாறு வெள்ளாடு. ஆடு மேய்ப்பது என் வேலை. தோட்டத்தின் எல்லையில் மலையிலிருந்து இறங்கும் ஓடை. இப்போது அதில் என்ன ஓடுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அப்போது ஐப்பசியில் செம்மண் கரைந்து உருண்டு வரும். மார்கழி பிறந்ததும் தெளிந்துவிடும். இடுப்பளவு ஆழத்தில் கிடக்கிற கூழாங்கல்லில் எத்தனை வரி என்று கரையிலிருந்தே எண்ணலாம். காலை வைத்தால் குளிர் முழங்கால் எலும்பு வரை ஏறும். கரை நெடுக நொச்சி. அந்த இலை வாசமும் ஈரப் பாறை வாசமும் சேர்ந்து இன்றைக்கும் சில சமயம், ஒரு காரணமும் இல்லாமல், சமையலறையில் நிற்கும்போது எனக்கு வரும்.

அந்த ஓடையில் ஒரு மீன் இருந்தது. ஒரு சாண் நீளம், வெள்ளி உடம்பு, விலாவில் கரித்துண்டால் கிழித்தது மாதிரி ஏழெட்டுக் கோடு. சேலத்துக் கடைத்தெருவில் அதைப் பார்க்க முடியாது. புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ, நாங்கள் துள்ளுக்கெண்டை என்போம். கலங்கல் தண்ணீரில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பிடிக்கலாம். தண்ணீர் தெளிந்துவிட்டால் ஒன்றுகூடச் சிக்காது. புழுவைப் பார்க்கும், நம்மைப் பார்க்கும், போய்விடும். எங்கள் பக்கத்து ஆண்கள் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "மார்கழி பொறந்தா மீனு மலையேறிப் போயிரும்" என்பார்கள். அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், கிணற்று மேட்டில் வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒருத்தராவது குனிந்து பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். ஆடுகளை நொச்சிப் பக்கம் விட்டுவிட்டு, பாறைமேல் குப்புறப் படுத்து, பகல் முழுக்க மடுவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு விளையாட்டு. மீன் எங்கும் போகவில்லை. பாறை நிழலில், தண்ணீர் வரும் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு வரிசையாக நின்றது. வெயில் ஏறி, சின்னச் சின்னப் பூச்சிகள் தண்ணீர்மேல் விழுகிற நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும், சளக்கென்று வாங்கிக்கொண்டு கீழே போகும். புழுவைச் சீந்தாத மீன் பூச்சிக்கு வந்தது. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

அந்த வருஷம் மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓடைக்கு மீன் பிடிக்க வந்தார். ஆறடி உயரம், வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை தோல் பூட்ஸ். கையில் மெல்லிய நீளக் கோல், அதில் பித்தளைச் சக்கரம். தலைக்கு மேலே கயிற்றைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசினார். நான் நொச்சிக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கயிற்றின் நுனியில் புழு இல்லை, இறகு கட்டிய ஒரு தூண்டில் முள். துரையின் எண்ணமெல்லாம் சரிதான். ஆனால் அவர் நிழல் அக்கரை வரை போய் விழுந்தது. பூட்ஸ் சத்தம் மலைக்கே கேட்டது. மீன் எங்கே வரும்? இரண்டாவது ஞாயிறு அவர் வீசிய முள் புங்க மரக் கிளையில் மாட்டி அறுந்துபோனது. அவர் பாஷையில் ஏதோ திட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

ஆடு மேய்க்கிறவளுக்கு மரம் ஏறத் தெரியாதா? அவர் தலை மறைந்ததும் ஏறினேன். கிளையில் தொங்கிய அந்தச் சாமானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய முள். அவ்வளவு சின்ன முள்ளை நம் சந்தையில் விற்கமாட்டார்கள். அதன் கழுத்தில் ஓர் இறகைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. இறகின் மயிர்கள் நாலாபக்கமும் பூச்சியின் கால்கள் மாதிரி விறைத்து நின்றன. பழுப்பு, வெயிலில் திருப்பினால் பொன். எந்த ஊர்ப் பறவையின் இறகோ என்று துரை நினைத்திருக்கலாம். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது கீரிச் சேவலின் கழுத்து இறகு. எங்கள் வீட்டிலேயே ஒன்று முளையில் கட்டியிருந்தது.

அப்பாவின் கீரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கம் பொங்கல் நோம்பி கழிந்த மறுநாள் சேவக்கட்டு. ஊர்ப் பெயரைச் சொல்லிச் சேவலைச் சண்டைக்கு விடுவார்கள். கீரிப்பிள்ளை நிறக் கழுத்துள்ள சேவலுக்குக் கீரி என்றே பெயர். அப்பா எங்களுக்குப் போட்டதைவிட அதற்கு நன்றாகப் போட்டார். காலையில் ராகி உருண்டை, பாதாம் பருப்பு. வெயில் வந்ததும் கிணற்றுத் தொட்டியில் நீச்சல். அம்மாகூட அதைத் தொடக் கூடாது. முந்தின வருஷம் அது சித்தப்பாவின் சேவலை அடித்துத் துரத்திவிட்டது. இரண்டு வருஷமாக அதை எதிர்த்து நின்ற சேவல் இல்லை. இந்த வருஷம் ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் மார்தட்டிக்கொண்டு வருவதாகச் சேதி வந்திருந்தது. அப்பாவின் பேச்சு முழுக்க அதுதான்.

மார்கழி தொடக்கத்தில் அக்காவுக்குத் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. அக்காவுக்குப் பதினேழு வயது, உடம்பில் ஒன்றும் இல்லை. பால் ஊறவில்லை. பூண்டு கொடுத்தாயிற்று, வெந்தயம் கொடுத்தாயிற்று, முருங்கைக்கீரை கொடுத்தாயிற்று. அம்மா துணித்திரியை ஆட்டுப்பாலில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைப்பாள். குடித்ததில் பாதி வெளியே வந்துவிடும். முதலில் குழந்தை ஓயாமல் அழுதது. பிறகு அழுகை குறைந்தது. அம்மாவுக்குப் பயம் வந்தது அழுகை குறைந்தபோதுதான். எனக்குப் பின்னால் பிறந்த தம்பி அப்படித்தான் அழுகை குறைந்து குறைந்து போனான்.

மருத்துவச்சியை அழைத்துவரச் சேலத்துக்கு ஜட்கா வண்டி அனுப்பினார் அப்பா. அந்த அம்மாள் குழந்தையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள், அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"ஒடம்புல ரத்தம் இருந்தாத்தானுங்க பால் வரும்? ஓடைக் கெண்டையச் சாறு வெச்சு நித்தம் ஒரு நேரம் குடுங்க. பத்து நாள்ல சொரந்துரும். ஏரி மீன் ஆகாதுங்க, அது சேறு தின்னது."

"மார்கழியில ஓடைக் கெண்டைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியாதுங்க சாமி. இன்னும் பத்து நாள் இப்புடியே போனா, அப்பறம் என்னைக் கூப்புட்டு ஒரு புண்ணியமும் இல்லை."

மார்கழி மாதம் வீட்டில் கவுச்சி புழங்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கட்டு இல்லை என்று அம்மா ஒரே நொடியில் தீர்மானித்தாள். அப்பாவும் சித்தப்பாவும் வலையை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஓடையில் இறங்கினார்கள். மடு முழுக்கப் பாறை. வலை கிழிந்ததுதான் மிச்சம். ஈர வேட்டியோடு வந்து, "மீனு மலையேறிப் போச்சுது" என்று அப்பா வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"இல்லீங்கப்பா. பாறைக்கடியில நிக்குது. நான் நித்தமும் பாக்கறேன்" என்றேன்.

"கம்முனு போ கண்ணு. ஆட்டைப் பாரு."

சரி, நான் ஆட்டைப் பார்க்கிறேன், மீனையும் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முள் என்னிடம் இருந்தது, தீப்பெட்டிக்குள். கோலுக்குக் குறைவில்லை. மலையடிவாரத்து மூங்கிலில் கொழுந்துப் பக்கம் ஒன்றை ஒடித்தேன், என் உயரத்துக்கு இரண்டு மடங்கு, வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். கயிறுதான் சிக்கல். வீட்டு நூல் தண்ணீரில் கனத்துப்போகும், மீன் கண்ணுக்கும் தெரியும். மறுநாள், அதுவரை எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மருத்துவச்சியைத் திரும்பக் கொண்டுபோக ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரர் சேலத்து பாய், வெள்ளைத் தாடி. குதிரையும் வெள்ளை. அதன் வாலைப் பார்த்ததும் எனக்குக் கயிறு கிடைத்துவிட்டது.

"பாயி, குதிரை வால் முடி கொஞ்சம் வேணுங்க."

"எதுக்குப் பாப்பா? தாயத்துக் கட்டவா?"

"மீன் புடிக்கறதுக்குங்க. எங்கக்கா பாப்பாவுக்குப் பால் இல்லீங்க."

பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பின்னாடி போய் நிக்காத, ஒதைச்சா பல்லு போயிடும்" என்று சொல்லிவிட்டு, வாலைச் சீப்பால் வாரி, உதிர்ந்ததை எல்லாம் சுருட்டிக் கொடுத்தார். நான் குதிரைக்கு ஒரு கட்டு அருகம்புல் போட்டேன். அந்த முடியை மும்மூன்றாகத் திரித்து முடிச்சுப் போட்டுப் போட்டு நீளமாக்கினேன். தண்ணீரில் போட்டால் இருக்கும் இடம் தெரியாது.

முதல் நாள் ஒன்றும் சிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மீன் ஏறி வரும், பாதியில் திரும்பிவிடும். பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே காலை ஆட்டியபோது கொலுசு சத்தம் கேட்டது. கீழே நின்ற மீன் அத்தனையும் சிதறின. எனக்கு உறைத்தது. துரைக்குப் பூட்ஸ், எனக்குக் கொலுசு. கழற்றி ஒரு நொச்சிக் கிளையில் மாட்டினேன். சிவப்புப் பாவாடையின் மேல் ஆட்டுத் தொழுவத்துச் சாக்கைச் சுற்றினேன். சூரியன் முதுகில் இல்லாத பக்கமாகப் போய், வயிற்றால் ஊர்ந்து, பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு கோலை மட்டும் நீட்டினேன். கயிறு தண்ணீரில் படவில்லை. இறகு மட்டும் பட்டது. பட்டதும் தூக்கினேன், மறுபடி படவைத்தேன், மறுபடி தூக்கினேன். முட்டையிட வந்த பூச்சி அப்படித்தான் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்.

சளக்.

கோல் வளைந்தது. அந்த இழுப்பு கையிலிருந்து தோள் வரை வந்தது இருக்கிறதே, அதற்குப் பிறகு என் தோளில் எவ்வளவோ பாரம் ஏறி இறங்கியிருக்கிறது, அதில் ஒன்றுகூட அந்த இழுப்பை மறக்கச் செய்யவில்லை. கரையில் வந்து விழுந்து துள்ளியதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்து, "சாமி, சாமி" என்று கத்தினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு மூன்று. அம்மாவிடம் நீட்டினேன். அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏது கண்ணு இது?"

"ஓடையில புடிச்சேங்கம்மா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வற்றிய குழியில் துணியைப் போட்டு வாரிக்கொண்டு வந்திருப்பாள் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். கேட்க அவளுக்கு நேரமும் இல்லை. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சாறு வைத்தாள். அக்கா ஒரு வட்டில் குடித்துவிட்டு வியர்த்துப்போய்த் தூங்கினாள். அன்றிலிருந்து தினமும் மீன். இரண்டு, நான்கு, ஒரு நாள் ஆறு. ஐந்தாம் நாள் குழந்தையின் வாயோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. அம்மா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஆட்டுப்பால் இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அம்மா அழுதாள். நான் ஆட்டுத் தொழுவத்தில் போய் நின்று தனியாகச் சிரித்தேன். மீன்தான் பாலாயிற்றா, சூடாக ஒன்று வயிற்றுக்குள் போய் அக்காவுக்குத் தைரியம் வந்து பால் ஊறிற்றா, எனக்குத் தெரியாது. டாக்டர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு மூன்று மீன் கடித்தால் இறகு கிழிந்துவிடும். முள்ளில் புது இறகு கட்ட வேண்டும். துரை கட்டிய இறகு முதல் மீன் சிக்கிய அன்றே போய்விட்டது. அதன் பிறகு நான் கட்டியதெல்லாம் கீரியின் கழுத்திலிருந்து வந்தது. நூல், அக்காவின் வளைகாப்புச் சேலை முந்தானையில் பிரிந்த பட்டு இழை. அப்பா கிணற்றுக்குப் போகும் நேரம் பார்த்து, கைநிறையக் கம்புத் தானியத்தைக் காட்டி, கீரி குனிந்து கொத்தும்போது வெடுக்கென்று ஒன்று. முதலில் அது என் கையைக் கொத்திக் கிழித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு கம்புக்குப் பழகிவிட்டது. நானும் கணக்கில்லாமல் பிடுங்கினேன்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா கீரியின் கழுத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் தோல் தெரிந்தது. நோய் என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு வேறு எண்ணம் வந்தது. எதிராளிச் சேவலின் கழுத்து இறகை எடுத்து மந்திரித்துப் புதைத்துவிட்டால் அந்தச் சேவல் களத்தில் சுருண்டுவிடும் என்று சேவல்காரர்கள் நம்பினார்கள். வீட்டுக்குள் வந்துபோகிற சேவல்காரர் ஒருவர்தான், அவருடைய சொந்தத் தம்பி. முந்தின வருஷம் அவரிடம் தோற்றவர்.

போகியன்று காலையில் சித்தப்பா வாசலில் கால் வைத்ததும் அப்பா பாய்ந்தார்.

"ஏண்டா, கூடப் பொறந்தவன் சேவலுக்கா செய்வினை வெப்பே?"

"அண்ணா, என்ன சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க."

"கழுத்துல எறகு எங்கடா போச்சு? நீ சொல்லு, எங்க பொதைச்சே?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமுங்கண்ணா, நான் தொடலீங்க."

"புள்ளைங்க மேல சத்தியம் பண்ணாத. இன்னையோட உன்ற ஊட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன். எனக்குப் பொறந்தவங்களும் மிதிக்கமாட்டாங்க. போ!"

சித்தப்பா பெரிய ஆள். நெல்மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் தொழுவத்துப் பக்கமிருந்து பார்த்தேன். என் மடியில் தீப்பெட்டி இருந்தது. உள்ளே முள், முள்ளில் அன்று காலை பிடுங்கிய இறகு. சொன்னால் கோல் முறிந்துவிடும், முள் அடுப்புக்குள் போய்விடும், நாளை மீன் கிடையாது, குழந்தைக்குப் பால் வந்து நாலு நாள்தான் ஆகிறது. சொல்லாவிட்டால் அண்ணன் தம்பி இரண்டாகிவிடுவார்கள். என்ன நினைத்துக் கிளம்பினேன் என்று தெரியவில்லை. கால் தானாக நடந்தது. வாசல் நடுவில் போய் நின்று தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"நான்தானுங்கப்பா. எறகு நான்தான் புடுங்கினேன். மீன் புடிக்கறதுக்கு."

அப்பா முள்ளைக் கையில் எடுத்தார். இறகின் நிறம் அவருக்குத் தெரியாதா? கை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து விழுந்தாள்.

"ஏனுங்க, அடிக்காதீங்க! அவ கொண்டாந்த மீனுதானுங்க இத்தனை நாளும்!"

"குழியில வாருனதா நீதான சொன்னே?"

"நான் அப்புடி நெனச்சேனுங்க."

"மார்கழியில மீனே இல்லை. இதுல எறகைக் கட்டிப் புடிச்சாளாம்! ஆருகிட்டக் கதை சொல்றே?"

அவ்வளவு நேரம் எனக்குப் பயம் இருந்தது. அந்த வார்த்தையில் பயம் போய்க் கோபம் வந்தது. திருடி என்று சொல்லியிருந்தால் தலை குனிந்திருப்பேன். மீனே இல்லை என்றாரே!

"வாங்க, காட்டறேன்" என்றேன். அப்பாவிடம் அந்த மாதிரிக் குரலில் நான் அதற்கு முன் பேசியதில்லை.

முன்னால் நான், பின்னால் அப்பா, அதற்கும் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா. ஓடை தெரிந்ததும் கொலுசைக் கழற்றி நொச்சிக் கிளையில் மாட்டினேன். சாக்கைச் சுற்றினேன்.

"உக்காருங்கப்பா. நெழல் விழுகுது."

உட்கார்ந்தார்.

"அது பத்தாதுங்கப்பா. படுங்க. செருப்பைக் கழட்டுங்க. சித்தப்பா, நீங்களும்."

கிணற்று மேட்டில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர், போகிக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு பாறைமேல் வயிற்றால் ஊர்ந்து என் பக்கத்தில் வந்து படுத்தார். மடுவை எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். தண்ணீரின் அடியில், பாறை நிழலில், வரிசையாக நின்றது மீன். நாற்பது வருஷமாக அந்தக் கரையில் வாழ்ந்தவர். அவர் மூச்சு என் காதில் பட்டது.

கோலை நீட்டினேன். இறகு தண்ணீரைத் தொட்டது, எழுந்தது, தொட்டது. ஒரு மீன் ஏறி வந்து திரும்பிப் போயிற்று. இன்னொன்று வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. போச்சு, இன்றைக்குப் பார்த்தா இப்படி என்று நினைத்தேன். அப்பா அசையவில்லை. மூன்றாம் தடவை நுரை ஓரமாக வைத்தேன். சளக்கென்று வாங்கியது. இத்தனை நாளில் பிடித்ததிலேயே பெரியது, ஒன்றரைச் சாண் இருக்கும். அது பாறையில் விழுந்து துள்ளி, திரும்பத் தண்ணீருக்குப் போகப் பார்த்தது. அப்பா தன் மார்பாலேயே அதன்மேல் விழுந்து அமுக்கினார். எழுந்தபோது வேட்டியெல்லாம் செதிள்.

"மலையேறலையேடா" என்றார் சித்தப்பாவைப் பார்த்து.

"ஏறலீங்கண்ணா."

"நம்ம அப்பன் சொன்னதுடா."

"அவுருக்கு அவுங்கப்பன் சொன்னதுங்க."

அப்பா சித்தப்பாவின் தோளைப் பிடித்தார். மன்னிப்பு என்கிற வார்த்தையெல்லாம் எங்கள் பக்கத்து ஆண்கள் அந்தக் காலத்தில் சொன்னதில்லை. "ஊட்டுக்கு வா, சாப்புட்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா மறுபடி அழுதார்.

மறுநாள் பொங்கல். சூரியனுக்குப் பொங்கல் வைத்து முடித்ததும் நான் தொழுவத்தில் பதுங்கி நின்றேன். அன்றைக்கு இறகு இல்லை. கேட்கப் பயம். அப்பா முளையடிக்குப் போவதைப் பார்த்தேன். கீரியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் தலையைத் தடவினார். அம்மாகூடத் தொடக் கூடாத அந்தச் சேவலின் கழுத்தில், நல்ல நீளமானதாகப் பார்த்து, அவர் கையாலேயே மூன்று இறகைப் பிடுங்கினார். என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"போதுமா சாமி?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் சேவக்கட்டுக்கு அப்பா வெறுங்கையோடு போனார். கழுத்தில் இறகில்லாத சேவலைக் களத்தில் விட்டால் முதல் கொத்திலேயே கிழிந்துவிடும். அதோடு, மிச்சம் இருக்கிற இறகும் எனக்கு வேண்டியிருந்தது. போகாமலே இருந்திருக்கலாம். போனார். நடந்ததைச் சித்தப்பா வந்து அம்மாவிடம் சொன்னார், நான் அக்காவின் அறை வாசலில் நின்று கேட்டேன். புளியந்தோப்பு முழுக்க ஆளாம். ஆட்டையாம்பட்டிக்காரர் தன் சேவலைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க, உங்க கீரி எங்கீங்க? பயந்துக்கிட்டு மலையேறிருச்சுங்களா?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இரண்டு வருஷம் அந்தக் களத்தில் நிமிர்ந்து நின்ற மனிதர் என்ன செய்வாரோ என்று சித்தப்பா பயந்துபோனாராம்.

அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தோப்பின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம்:

"எங்கீரி கழுத்துல இருந்த எறகு பூராவும் எம் பேத்திக்குப் பாலாப் போச்சுங்க. துரை வந்து புடிக்க முடியாத மீனை என்ற சின்ன மவ புடிச்சா. அவளுக்கு முன்னால நிக்கிற சேவல் உங்க ஊர்ல இருந்தாக் கொண்டாங்க!"

இதைச் சொல்லும்போது சித்தப்பா அப்பாவைப் போலவே துண்டைத் தோளில் போட்டுக் காட்டினார். அம்மா சிரித்தாள், அக்கா சிரித்தாள், குழந்தை திடுக்கிட்டு வீறிட்டு அழுதது. நல்ல கனத்த அழுகை. அழட்டும், அழட்டும் என்றாள் அம்மா.

தை பாதியில் ஒரு பெரிய மீன் முள்ளோடு போய்விட்டது. மடு முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குள் அக்காவுக்குப் பால் குறைவில்லாமல் ஊறிவிட்டது. அவ்வளவு சின்ன முள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவேயில்லை. நானும் பெரியவளாகி ஓடைப் பக்கம் போவது நின்றது. கீரிக்கு இறகு திரும்ப முளைத்தது. அப்பா அதை மறுபடி களத்துக்குக் கொண்டுபோகவில்லை, கிழடாகிச் சாகும்வரை முற்றத்தில் கம்பு பொறுக்கித் தின்றது. என்னைக் கண்டால் மட்டும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும்.

இவ்வளவுதான் என் தற்பெருமை. அது எனக்கு அந்தப் புளியந்தோப்பில் அப்பா கொடுத்தது, நானாக வளர்த்துக்கொண்டது இல்லை.

ஆமாம், முதலில் சொன்னேனே, நான் வாயைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவள் தொடையைக் கிள்ளிவிட்டுச் சிரிக்கிறவள். அவள் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவள்தான் அந்தக் குழந்தை. எண்பது கிலோ இருப்பாள், சிரித்தால் பந்தலே குலுங்கும். சித்தி பழைய கதையை எடுத்துட்டா என்று இப்போதும் அவள்தான் முதலில் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன்.